பதில்: 1950 பாணி படம் மாறுவேடப் போட்டி மாதிரி வருகிறது

வணக்கம். தொப்பி, கையுறை, குடைப்பாவாடை எல்லாம் பொருந்தியும் தோழியின் படம் மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். "இரண்டு பக்கமும் சாஃப்ட்பாக்ஸ் வைத்தேன்" என்ற வரியிலேயே பாதி விடை இருக்கிறது. வெளிச்சத்தை மென்மையாக்கும் அந்த இரண்டு பெட்டி விளக்குகளில் ஒன்றை அணைத்துவிடுங்கள்.

1950இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென் வோக் ஃபேஷன் இதழுக்காகப் பாரிஸ் உடைகளை எடுத்தது ஒரு மேல்மாடி ஸ்டுடியோவில், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில். பின்னணிக்கு ஒரு பழைய நாடகத் திரை. அவ்வளவுதான். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால்தான் இடுப்பு வளைவும் துணி மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும். 1947இல் ஆடை வடிவமைப்பாளர் தியோர் கொண்டுவந்த நியூ லுக் என்ற பாணியின் அழகே இறுக்கிய இடுப்புக்கும் விரிந்த பாவாடைக்கும் உள்ள வித்தியாசம்தானே? இரண்டு விளக்கு போட்டு அதைத் தட்டையாக்கிவிட்டீர்கள்.

அடுத்து கேமரா உயரம். அந்தக் காலத்தில் ரோலிஃபிளெக்ஸ் என்ற கேமராவை வயிற்றருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்கள். உருவம் நெடுநெடுவென்று தெரியும். உங்கள் கேமராவையும் இடுப்பு மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

தோழியைச் சிரிக்கச் சொல்லவே வேண்டாம். பென் படமெடுத்த மாடல் லிசா ஃபொன்ஸாக்ரீவ்ஸ் நடனம் பயின்றவர். அவர் படங்களில் பேசுவது கழுத்தும் மணிக்கட்டும்தான். உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, தோளைத் தளர்த்தி, மூச்சை வெளியே விடும்போது கிளிக் செய்யுங்கள்.

படத்துக்குப் போட்டிருக்கும் அந்தப் பழுப்பு ஃபில்டரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பென்னின் பாரிஸ் படங்கள் பளிச்சென்ற கறுப்பு வெள்ளை.