மகனின் கஞ்சாப் பழக்கமும் மறதியும்

அன்புள்ள சகோதரிக்கு, தங்கள் 16 வயது மகன் சில மாதங்களாகக் கஞ்சா புகைப்பதையும், காலையில் படித்த பாடம் மாலையில் அவருக்கு நினைவில் நிற்பதில்லை என்பதையும் எழுதி, மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி முடிவுகட்டிவிட வேண்டாம்.

மூளை ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ச்சியடைந்துகொண்டே இருக்கிறது. தேவையற்ற நரம்பிணைப்புகள் கழிந்து, வேண்டியவை வலுப்பெறும் இந்தப் பருவத்தில், அந்த வேலையை ஒழுங்குபடுத்த உடலே சுரக்கும் வேதிப்பொருள்களுக்குரிய ஏற்பிகளில் (நரம்பணுக்களில் அவற்றை வாங்கிக்கொள்ளும் இடங்களில்) கஞ்சாவிலுள்ள டிஎச்சி என்ற போதையூட்டும் வேதிப்பொருள் போய் ஒட்டிக்கொண்டு குறுக்கிடுகிறது. நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இந்த ஏற்பிகள் மிகுதி; படித்தது தங்காமல் போவது அதனால்தான். "செடிதானே அம்மா" என்று அவர் சொல்வதற்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

அடியோடு நிறுத்தினால், புதியவற்றைக் கற்கும் திறன் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் மேம்படத் தொடங்குகிறது. முதல் வாரத்தில் எரிச்சலும் தூக்கமின்மையும் பசியின்மையும் வரக்கூடும். அதைத் திமிர் என்று எண்ணித் திட்டினால் மீண்டும் புகைக்கத்தான் போவார்.

தங்கள் தம்பிக்கு மனச்சிதைவு நோய் உண்டு என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெருங்கவலை. குடும்பத்தில் அந்நோய் இருக்கும்போது, இளவயதில் கஞ்சா புகைப்பது மனநோய்க்கான ஆபத்தை மேலும் கூட்டுகிறது. இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, காரணமின்றி எல்லோரையும் சந்தேகித்தாலோ அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவை தென்படாவிட்டாலும் இந்த வாரமே ஒருமுறை காட்டிவிடுங்கள், தம்பியின் நோயையும் மறைக்காமல் சொல்லுங்கள்.