இரண்டு ஆமைக்குட்டிகள்: ஒரே தொட்டியிலா, தனித்தனியாகவா?

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு இரண்டு சல்காட்டா ஆமைக்குட்டிகள் வாங்கினோம். ஆறு மாதமாக ஒரே கண்ணாடித் தொட்டியில்தான் இருக்கின்றன. சண்டை போட்டுப் பார்த்ததில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தூங்கும். ஆனால் ஒன்று 140 கிராம், மற்றது 62 கிராம்தான் இருக்கிறது. பிரித்து வைக்கலாமா? பிரித்தால் ஏங்கிப்போய்ச் சாப்பிடாமல் விட்டுவிடுமோ என்று மகன் பயப்படுகிறான். (வாசகி, வேளச்சேரி)

பதில்: பிரித்துவிடுங்கள், இன்றைக்கே. ஏங்காது என்று மகனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

சல்காட்டா, சகாராவுக்குத் தெற்கே செனகல், மாலி தொடங்கி சூடான், எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட நிலத்து ஆமை. தாய் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போனால் அதோடு சரி. குஞ்சுகள் பொரித்து மண்ணைக் கிளறி வெளியே வந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடும். தாயும் தெரியாது, கூடப்பிறந்ததும் தெரியாது. ‘துணை’ என்பது நமக்குத்தான் தேவைப்படுகிறது. ஆமைக்கு இன்னொரு ஆமை என்றால் தன் இலையையும் தன் நிழலையும் பங்குகேட்க வந்த ஆள்.

நீங்கள் பாசம் என்று நினைக்கிற அந்த ஏறிப்படுத்தல் பெரும்பாலும் இடப்பிடிப்பு. தொட்டியில் கதகதப்பான, இருட்டான மூலை ஒன்றுதான் இருக்கும். இரண்டுக்கும் அதுவே வேண்டும். ஆமைச் சண்டையில் சத்தமும் ரத்தமும் எப்போதும் இருக்காது. நாளை காலை தீனி வைத்துவிட்டு, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். பெரியது தன் முன்னால் கிடக்கும் இலையை விட்டுவிட்டு, சின்னது கடித்துக்கொண்டிருக்கும் இலைக்கே வரும். கழுத்தை நீட்டிக்கொண்டு குறுக்கே நிற்கும். சின்னது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அல்லது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அவ்வளவுதான் சண்டை. இது நாளெல்லாம் நடந்தால், கடிபடாமலேயே சின்னதற்குப் பசி குறைந்து வளர்ச்சி நின்றுவிடும். தீனித் தட்டு இரண்டாக வைத்தாலும் பலன் இல்லை. பெரியது இரண்டுக்கும் நடந்து போகும்.

“கடையில் இருபது குட்டி ஒன்றாகத்தானே கிடந்தன?” என்று கேட்பீர்கள். இருபது இருக்கும்போது முட்டலும் மறிப்பும் எல்லோர் மேலும் பரவிப்போகும். இரண்டே இருந்தால் முழுவதும் ஒன்றின் தலையில்தான் விடியும். அதனால்தான் வளர்ப்பவர்கள், தனியாக ஒன்று அல்லது இடம் தாராளமாக இருந்தால் மூன்று, நான்கு என்பார்கள். ஜோடி வேண்டாம் என்பார்கள். உங்கள் தொட்டிக்கு மூன்றாவதை வாங்கி வந்துவிடாதீர்கள், பிரச்சினை மூன்றாகிவிடும்.

எப்படிப் பிரிப்பது? தொட்டிக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு வைப்பது வேண்டாம். பார்வையில் பட்டாலே முட்டப் போகும். பக்கச் சுவர் ஊடுருவித் தெரியாத மரப்பெட்டியோ பெரிய பிளாஸ்டிக் தொட்டியோ இரண்டு வாங்குங்கள்; ஒவ்வொன்றும் நாலடிக்கு இரண்டடியாவது இருக்கட்டும். அடியில் ஈரம் காக்கும் தென்னை நார்த்தூள், ஒரு மூலையில் படுக்கவைத்த பழைய மண் பூந்தொட்டி, எதிர்மூலையில் சூடு விளக்கும், வெயிலில் உள்ள புறஊதாக் கதிரைத் தரும் யூவிபி குழல் விளக்கும். பாலைவன ஆமைதானே என்று காய விட்டுவிடாதீர்கள். குட்டிப் பருவத்தில் காற்றில் ஈரம் போதாவிட்டால் ஓடு மேடு மேடாக எழும்பிவிடும், பிறகு அது சரியாகாது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில்தான் காய்ந்துபோகும். காலை வெயிலில் விடும்போது பாதி இடம் நிழலாக இருக்கட்டும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் தினம் கால் மணி நேரம் உட்கார வைப்பீர்கள் அல்லவா, அதையும் தனித்தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள். தண்ணீரில் இறங்கியதும் மலம் கழிக்கும், அதே தண்ணீரைக் குடிக்கவும் செய்யும். ஒன்றின் குடல்புழு மற்றதற்குப் போக இதைவிடச் சுலபமான வழி கிடையாது. தொட்ட பிறகு மகன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பவை.

தீனி இரண்டுக்கும் ஒன்றேதான்: அறுகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. தக்காளியும் பழமும் வேண்டாம்.

வளர்ந்த பிறகு சேர்த்துவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். ஓடு ஓரடி நீளம் வரும்வரை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது கடினம். இரண்டும் ஆணாகிவிட்டால், கழுத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஓட்டு முனையால் ஒன்றை ஒன்று கவிழ்த்துப் போடும். நம் ஊர் வெயிலில் மல்லாந்து கிடக்கும் ஆமை பிழைப்பது கஷ்டம். ஆணும் பெண்ணுமானால் பெண்ணுக்கு நிம்மதியே இராது. ஐம்பது கிலோவைத் தாண்டக்கூடிய இனம் இது. அடுக்குமாடி வீட்டில் ஒன்றை வளர்ப்பதே பெரும்பாடு என்பது என் அபிப்பிராயம். ஒன்றை இப்போதே தோட்டம் உள்ள நம்பகமான ஒருவருக்குக் கொடுக்க முடிந்தால் நல்லது. ஏரிக்கரையிலோ காட்டிலோ கொண்டுபோய் விடவே கூடாது.

யாருக்கும் கொடுப்பதற்கு முன், இரண்டையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வெளிநாட்டு உயிரினங்களுக்கான 2024 விதிகளின்படி அது கட்டாயம். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இன்னொன்று: ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் இருந்தால் அது சல்காட்டா அல்ல, நம் நட்சத்திர ஆமை. சல்காட்டா என்று சொல்லி அதை விற்கிறவர்களும் உண்டு. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. உடனே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

பிரித்த பிறகு வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்துக்குள் சின்னதன் எடை ஏறத் தொடங்கினால் மருந்து தேவைப்படாது. ஏறவில்லை என்றாலோ, மூக்கில் நீர்க்குமிழி தெரிந்தாலோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அன்று காலை போட்ட மலத்தையும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போனால் புழுப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும்.