ஒரே இடுப்பு வலிக்கு இரண்டு விதமான வைத்தியம் ஏன்?

கேள்வி: 45 வயதாகும் என் அக்காவுக்கு மூன்று வாரமாக இடுப்பு வலி. எங்கள் ஊர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, படுத்தே கிடக்காமல் நடமாடச் சொன்னார். மதுரையில் பார்த்த டாக்டரோ உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். அவர் பணத்துக்காகத்தான் சொல்கிறாரா? (வாசகி ஒருவர், உசிலம்பட்டி)

பதில்: சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கால் பலமிழத்தல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், கீழே விழுந்த அடி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். இவை எதுவும் இல்லையென்றால் முதல் சில வாரங்களில் ஸ்கேன் தேவைப்படாது என்பதே மருத்துவ நெறிமுறைகளின் பொதுக் கருத்து. 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஓரிடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது.

பணத்தாசை சிலரிடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைவிட ஆழமானது, மருத்துவரின் கை பழகிய வழக்கம். ஜான் வென்பர்க், ஆலன் கிட்டல்சன் என்ற இருவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தை 13 மருத்துவமனை வட்டாரங்களாகப் பிரித்துக் கணக்கெடுத்து, 1973-இல் முடிவை வெளியிட்டார்கள். டான்சில் அறுவைச் சிகிச்சை ஒரு வட்டாரத்தில் 10,000 பேருக்கு 13 ஆகவும், இன்னொன்றில் 151 ஆகவும் இருந்தது. அண்டை அயலில் வாழும் மக்களின் தொண்டைகள் அத்தனை வேறுபட்டிருக்க வழியில்லை. வேறுபட்டது மருத்துவர்களின் தீர்மானமே. இடுப்பெலும்பு முறிவு போன்று எல்லா மருத்துவரும் ஒரே முடிவுக்கு வரும் நோய்களில் இப்படிப்பட்ட வேறுபாடு மிகக் குறைவு என்பதையும் வென்பர்க் பின்னர் எடுத்துக்காட்டினார்.

கத்தரிக்காய் வாங்கும்போது எது நல்லது, எத்தனை கிலோ வேண்டும் என்று நாமே முடிவு செய்கிறோம். மருத்துவத்தில் எது தேவை, எவ்வளவு தேவை என்பதை, அதை வழங்குபவரே சொல்கிறார். இந்த அறிவு ஏற்றத்தாழ்வைத்தான் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் விளக்கினார். கடன் வாங்கி ஸ்கேன் மெஷின் வைத்த இடத்தில் அது ஓடியாக வேண்டும்; அங்கேயே பயின்ற இளம் மருத்துவருக்கு, ஸ்கேன் இல்லாமல் நோயாளியை அனுப்புவது கடமை தவறியதைப் போலத் தோன்றும். அவர் மனமறிந்து ஏமாற்றவில்லை என்பதாலேயே இந்த வழக்கத்தை மாற்றுவது கடினமாகிறது.

நம் மாநிலத்திலேயே 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதமும், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதமும் சிசேரியன். சிக்கலான பிரசவங்களைத் தனியார் மருத்துவமனைகள் கடைசி நேரத்தில் அரசுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கம் இருந்தும் கணக்கு இப்படி இருக்கிறது என்பது என்னை மிகவும் வருத்துகிறது. மாறாக, 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் மருத்துவர்களுக்கு மாதச் சம்பளம். சிகிச்சை முறைகளும் வரையறுக்கப்பட்டவை.

மதுரை டாக்டரிடம் அக்காவையே கேட்கச் சொல்லுங்கள்: "டாக்டர், ஸ்கேனில் என்ன வந்தால் வைத்தியத்தை மாற்றுவீங்க?" விடை தெளிவாக வந்தால் எடுங்கள். எதுவும் மாறாது என்றால் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: ஸ்கேனுக்கு அனுப்பும் டாக்டர் கமிஷன் வாங்கலாமா? (வாசகர் ஒருவர், மேலூர்)

பதில்: கூடாது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் அதைத் தடை செய்கின்றன. சீட்டு, ரசீதுகளுடன் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். அத்துடன், எந்த மருத்துவமனையில் எத்தனை சிசேரியன், எத்தனை ஸ்கேன் என்ற கணக்கை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிட வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும்.