தெற்கு கேட்ட மாநில உரிமை எது?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக நடந்தது, அடிமை முறை வெறும் சாக்கு என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். மாநில சுயாட்சி கேட்கும் நாம் தென் மாநிலங்களின் பக்கம்தானே நிற்க வேண்டும்? லிங்கன்தான் அடிமைகளை விடுதலை செய்துவிட்டாரே, இத்தனை தலைமுறைக்குப் பிறகும் கறுப்பின மக்கள் பழைய கணக்கையே பேசுவது ஏன்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: நிற்கக் கூடாது. மாநில சுயாட்சி நமக்கு உயிரான கோரிக்கை. அதனாலேயே, மனிதரை விற்று வாங்கியவர்களோடு அதை ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

1860 டிசம்பர் 20 அன்று முதலில் பிரிந்துபோன தென் கரோலினா, தான் பிரிவதற்கான காரணங்களை ஓர் அறிக்கையாக வெளியிட்டது. வட மாநிலங்கள் தம் இஷ்டத்துக்குச் சட்டம் போடுகின்றன என்பதுதான் அதிலுள்ள பெரிய புகார். தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் தர மறுக்கிறார்களாம். நியூயார்க் வழியாக அடிமையைக் கூட்டிக்கொண்டு போகக்கூட அந்த மாநில நீதிமன்றம் விடவில்லையாம். மாநில உரிமைக்காகப் பிரிந்தவர்கள் பேசுகிற பேச்சா இது? அடுத்து வந்த மிசிசிப்பி இன்னும் வெளிப்படை. எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று 1861 ஜனவரியில் தன் பிரகடனத்தின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தது.

மைய அரசின் கை ஓங்க வேண்டும் என்று பத்தாண்டுகளாகக் கேட்டு வந்ததும் தெற்குதான். 1850-ல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பாருங்கள். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, ஜூரி விசாரணை கிடையாது. ‘இவர் அடிமைதான்’ என்று முடிவு செய்தால் விசாரிக்கும் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர். ‘இல்லை’ என்றால் 5 டாலர். அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அடிமை முறையை ஒழித்துவிட்ட மாசசூசெட்ஸ் குடிமகனும் இந்த வேட்டைக்கு உதவியாக வேண்டும். பிறகு தெற்கு தனக்கென எழுதிக்கொண்ட அரசியல் சட்டமோ, அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் அவர்களின் காங்கிரஸ், அதாவது நாடாளுமன்றம், இயற்றக் கூடாது என்றது. எந்த மாநிலத்துக்குள்ளும் அடிமைகளோடு போய்த் தங்கிவர உரிமை உண்டு என்றும் சேர்த்தது. அந்தக் கூட்டமைப்பில் ஒரு மாநிலம் ‘என் எல்லைக்குள் அடிமையோடு வராதே’ என்று சொல்ல வழியே இல்லை. 1860 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 39.5 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்களே. அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவை எந்த வாயால் மாநிலத்தின் விருப்பம் என்பது?

லிங்கனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரது 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டுமே. பிரியாமல் ஒன்றியத்திலேயே, அதாவது வடக்கின் பக்கமே, தங்கிவிட்ட டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரிக்கு அது பொருந்தாது. டென்னசியும் லூசியானாவின் 13 மாவட்டங்களும் விலக்கப்பட்டன. படை போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அந்தக் காகிதம் உயிர்பெற்றது. டெக்சஸின் கால்வெஸ்டனுக்கு அந்த நாள் வந்தது 1865 ஜூன் 19-ல். கென்டக்கியிலும் டெலவேரிலும் மீதமிருந்தவர்கள் அந்த ஆண்டு டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் நடப்புக்கு வரும் வரை அடிமைகளே. இந்த விடுதலையை உட்கார்ந்த இடத்தில் பெற்றுக்கொண்டவர்களும் அல்ல அவர்கள். போர் தொடங்கிய அடுத்த மாதமே வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தார்கள். அங்கிருந்த ஒன்றியத் தளபதி பட்லர் அவர்களைத் திருப்பித் தர மறுத்தார். அதன்பின் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியப் படையில் போரிட்டார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கென்று 3 பிடித்தம். சம ஊதியச் சட்டம் வர 1864 ஜூன் ஆயிற்று.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

1865 ஜனவரி 12 அன்று சவன்னா நகரில் ஒன்றியத் தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் 20 கறுப்பினப் போதகர்களை அழைத்துப் பேசினார்கள். உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ள என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, நிலம் வேண்டும், அதை நாங்களே உழுதுகொள்வோம் என்றார் அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃப்ரேசியர். நான்கே நாளில் உத்தரவு வந்தது: கடற்கரையோர நிலம், குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. ஏறத்தாழ 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறிப் பயிர் செய்தார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி, அந்த ஆண்டே நிலத்தையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். விதைத்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. இதற்குப் பின் நடந்த அத்தனைக்கும் வேர் இங்கே இருக்கிறது.

நிலம் இல்லாதவன் கூலிக்குத்தான் போக வேண்டும். அந்தக் கூலியையும் அவன் பேரம் பேசக் கூடாது என்பதற்காக வந்தவை ‘கறுப்பர் சட்டங்கள்’. மிசிசிப்பியில் 1865 நவம்பரில் போட்ட சட்டப்படி ஒவ்வொரு ஜனவரியிலும் வேலைக்கான எழுத்துச் சான்று கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து 50 டாலர் வரை அபராதம். ஐந்து நாளில் கட்டாவிட்டால், அந்த அபராதத்தைக் கட்டி மிகக் குறைந்த காலத்துக்கு வேலை வாங்கச் சம்மதிப்பவரிடம் ஷெரிஃப் என்ற மாவட்டக் காவல் அதிகாரி ஆளை ஒப்படைப்பார். பழைய முதலாளிக்கே முன்னுரிமை. ஆண்டு முடியும் முன் வேலையை விட்டால் அதுவரை உழைத்த கூலியும் போய்விடும். நகர எல்லைக்கு வெளியே நிலம் வாடகைக்கு எடுக்கவும் தடை. தென் கரோலினாவில் பண்ணை வேலை, வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய ஆண்டுதோறும் 10 முதல் 100 டாலர் வரை உரிமக் கட்டணம். அமெரிக்க காங்கிரஸ் தலையிட்டு 1867-க்குள் இவற்றை முடக்கியது. ஆனால் கடன் என்ற கயிறு அறுபடவில்லை.

வாரத்துக்கு உழுவது நம் ஊருக்கும் தெரிந்ததுதான். அங்கே அது எப்படி நடந்தது என்பதற்கு, 1890-களின் விலையில் நான் போட்டுக் காட்டும் ஓர் உதாரணக் கணக்கு இது. நிலம், கோவேறு கழுதை, ஏர், விதை எல்லாம் நிலக்காரருடையவை. விளைச்சலில் ஆளுக்குப் பாதி. ஒரு குடும்பம் ஆறு பொதி பஞ்சு எடுக்கிறது. பொதிக்கு 500 பவுண்டு வீதம் 3,000 பவுண்டு. பவுண்டுக்கு 6 சென்ட் என்றால் 180 டாலர். குடும்பத்தின் பங்கு 90. இனிக் கழிவு. மார்ச் முதல் அறுவடை வரை சோளமாவு, உப்பிட்ட பன்றிக்கறி, வெல்லப்பாகு, துணி எல்லாம் கடனில் வாங்கியாக வேண்டும். ரொக்கத்துக்கு 70 டாலர் பெறும் சரக்கு, கடன் விலையில் கால் பங்கு ஏறி 87.50 ஆகும். அதன் மேல் நூற்றுக்குப் பத்து வட்டி சேர்ந்தால் 96.25. ஏழெட்டு மாதத்தில் சிறுகச் சிறுக வாங்கிய கடனுக்கும் முழு ஆண்டு வட்டி. உண்மையான வட்டி விகிதம் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். உரத்திலும் ஜின்னிங் கூலியிலும் அவன் பங்கு 12 டாலர். மொத்தம் 108.25. டிசம்பரில் கணக்கு முடிக்கும்போது கைக்கு ஒன்றும் வராது, 18.25 பாக்கி அடுத்த ஆண்டுப் பேரேட்டில் ஏறும்.

சிக்கனமாக இருந்து தப்பிக்கவும் வழியில்லை. விளையும் பயிரே கடனுக்கு அடமானம் என்பதால் பணமாக மாறும் பருத்தியைத்தான் போடு என்பார் கடன் கொடுக்கும் கடைக்காரர். சோளம் போட இடமில்லாமல் சோளமாவையும் அவரிடமே வாங்க வேண்டும். எல்லாரும் பருத்தி போட விலை இன்னும் சரிந்தது. 1894-ல் பவுண்டு 5 சென்டுக்கும் கீழே போயிற்று. பேரேட்டை எழுதுவது நிலக்காரரோ கடைக்காரரோதான். எழுதப் படிக்க விடாமல் வளர்க்கப்பட்டவன் அதை எப்படிச் சரிபார்ப்பான்? வெளியே விற்கலாம் என்றால், அலபாமாவின் பருத்தி மாவட்டங்களில் சூரியன் மறைந்த பின் விதை நீக்காத பருத்தியை விற்பது குற்றம். பகல் முழுக்க வயலில் நிற்பவன் வேறு எப்போது விற்பான்? ஏழை வெள்ளையர் பலரும் இதே கடனில் சிக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் கணக்கைக் கேள்வி கேட்டதற்காகக் கொல்லப்படும் பயம் கறுப்பினக் குடும்பத்தின் தலைமேல் தனியாகத் தொங்கியது.

கடனை விட்டு ஓடியவனுக்குச் சிறை. 13-ஆவது திருத்தம் கட்டாய உழைப்பை ஒழித்தபோது, குற்றத்துக்கான தண்டனையாக என்றால் விலக்கு என்று எழுதியிருந்தது. அந்த விலக்கின் வழியாகக் கைதிகளைச் சுரங்கத்துக்கும் ரயில்பாதைக்கும் அரசே குத்தகைக்கு விட்டது. மிசிசிப்பியில் 1876-ல் ஒரு பன்றியைத் திருடினாலே ஐந்து ஆண்டு வரை சிறை என்று சட்டம் வந்தது. 1898-ல் அலபாமா அரசின் வருவாயில் ஏறத்தாழ 73 சதவீதம் கைதிக் குத்தகைப் பணம். பழைய முதலாளி விலை கொடுத்து வாங்கியவனைச் சாகவிட யோசிப்பான். குத்தகைக்காரனுக்கு அந்த யோசனையும் வேண்டாம், ஒருவன் செத்தால் இன்னொருவன் வருவான். அலபாமா இதை நிறுத்தியது 1928-ல்.

இதையெல்லாம் வாக்குச்சீட்டால் மாற்றியிருக்கலாமே என்பீர்கள். மாற்றத்தான் தொடங்கினார்கள். 1870-ல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்குப் போனார். தென் கரோலினாவின் கீழவையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை ஆனார்கள். அதை வெள்ளையர் முதலில் துப்பாக்கியால் உடைத்தார்கள். 1877-ல் தெற்கில் நின்ற ஒன்றியப் படை ஒதுங்கிக்கொண்ட பின் சட்டத்தாலேயே உடைத்தார்கள். மிசிசிப்பியின் 1890 அரசியல் சட்டப்படி, வாக்களிக்க ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி. முந்தைய இரண்டு ஆண்டு வரியை பிப்ரவரி 1-க்குள் கட்டி, சான்றும் காட்ட வேண்டும். டிசம்பர் கணக்கில் 18 டாலர் பாக்கியோடு வீடு திரும்பியவன் பிப்ரவரியில் எங்கிருந்து கட்டுவான்? லூசியானாவில் 1896-ல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். 1904-ல் 1,342 பேர். கூட்டாட்சித் தேர்தல்களில் தலைவரி ஒழிந்தது 1964-ல், வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965-ல். அதற்காக அடி வாங்கியவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். பழைய கணக்கு என்கிறீர்களே, அது அவர்கள் ஆயுளுக்குள் நடந்தது.

நஷ்ட ஈட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசு விடுதலைக்காகப் பணம் கொடுத்ததும் உண்டு. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழித்த சட்டத்தில் ஓர் ஆளுக்கு 300 டாலர் வரை என்று வைத்து, அந்தப் பணத்தை முதலாளிகளுக்குக் கொடுத்தார்கள். விடுதலையானவருக்கும் 100 டாலர் வரை தருவதாக அதே சட்டம் சொன்னது. நாட்டை விட்டு வெளியேறச் சம்மதித்தால்.