பழைய வண்டியில் டைமிங் வைப்பது என்றால் என்ன?

பழைய புல்லட், அம்பாசிடர் போன்ற பாயிண்ட் செட் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்துப் பொறியை வரவைக்கும் இரண்டு முனைகள்) உள்ள பெட்ரோல் வண்டிகளில், பிளக் எந்தக் கணத்தில் பொறி விட வேண்டும் என்று சரிசெய்வதைத்தான் டைமிங் வைப்பது என்கிறார்கள்.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். பெட்ரோல் கலவை ஒரேயடியாக எரிந்துவிடாது. தீ பரவ நேரம் பிடிக்கும். நெல்லையப்பர் தேர் வாகையடி முக்கில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர் முக்கு வந்த பிறகு யோசித்தால் தேர் தாண்டிப் போய்விடும். ரொம்ப முந்திக் கொடுத்தாலும் வம்புதான்.

நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடிதான். அதனால் வேகம் கூடக்கூடப் பொறி இன்னும் முந்த வேண்டும். அதை உள்ளே இருக்கும் சின்ன எடைகளும் ஸ்பிரிங்கும் பார்த்துக்கொள்ளும். நாம் வைப்பது ஆரம்ப நிலையை மட்டும்.

பிந்தினால் இழுவை குறையும், எஞ்சின் சூடாகும். முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், மாஞ்சோலை ஏற்றத்தில் எஞ்சின் டக்டக்கென்று தட்டும். முதலில் பாயிண்ட் இடைவெளி, அப்புறம்தான் டைமிங். இடைவெளி மாறினாலே டைமிங்கும் நகர்ந்துவிடும் (அவசரக்காரர்கள் தலைகீழாகச் செய்வார்கள்).

அட்வான்ஸை, அதாவது பொறி முந்தும் அளவை, கூட்டிக்கொண்டே போனால் மைலேஜும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அளவு தாண்டினால் மைலேஜ் கூடாது, பிஸ்டன்தான் ஓட்டையாகும்.