எல்லாம் ஒரே கதைதான், அதனால் என்ன?

கேள்வி: எனக்கு அறுபது வயது. சரித்திரக் காதல் சிறுகதை என்றால் உயிர். மாறுவேட இளவரசன், பகை நாட்டு இளவரசி, முத்திரை மோதிரம், கட்டாயக் கல்யாணத்துக்குப் பிறகு முளைக்கும் காதல் என்று முடிவு தெரிந்தேதான் படிக்கிறேன். ஆடிட்டராக இருக்கும் மகன், "எல்லாம் ஒரே கதைதானேம்மா" என்று சிரிக்கிறான். என் ரசனை மட்டமா? அப்பத்தா காலத்துப் பர்மாவை வைத்து நானும் ஒரு கதை எழுத ஆசை. அரைத்த மாவாகிவிடுமோ என்று பயம்.
- பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: ஆச்சி, தம்பி சொல்வது சரிதான். எல்லாம் ஒரே கதைதான். நம் அகப்பாட்டுகள் மட்டும் என்ன? பிரிவு என்றால் பாலை, காத்திருப்பு என்றால் முல்லை, ஊடல் என்றால் மருதம் என்று முன்கூட்டியே வகுத்தாயிற்று. காதலர்களுக்குப் பெயர் சுட்டக் கூடாது என்றும் தொல்காப்பியம் சொல்லிவிட்டது. பொருள் தேடப் போனவன் கார்காலத்தில் வருகிறேன் என்றான், மழை வந்துவிட்டது, ஆளைக் காணோம். இந்த ஒரே நிலைமைக்கு எத்தனை பாட்டு! குறுந்தொகையில் நாலு அடி முதல் எட்டு அடிக்குள் முடித்துவிடுகிறார்கள். கேட்பவருக்கு நிலைமை முன்பே தெரியும் என்பதால்தான் அது முடிகிறது.

சிறுகதைக்கும் அதே சௌகரியம்தான். மிளகு வியாபாரி விரலில் முத்திரை மோதிரம் என்று ஒரு வரி போதும், மீதியை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள். மிச்சமான இடத்தில், அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஏன் இருந்தாள் என்று எழுதலாம். யாருக்கு யார் என்ற கவலை இல்லாததால் நம் கவனமும் அந்தத் தயக்கத்தின் மேலேயே இருக்கிறது. எனக்குச் சலிப்பூட்டுவது வேறு. இரண்டு பேரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் சிக்கலைப் பத்துப் பக்கத்துக்கு இழுப்பார்களே, அது.

உங்கள் கதைக்குத் தடையைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில் இருக்கிறது, ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. பகை நாட்டு இளவரசியைவிட இது கெட்டியான மதில். அப்புறம் கடல். "முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை" என்கிறது தொல்காப்பியம், கடல் பயணத்தில் பெண்ணை அழைத்துப் போவதில்லை என்று. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தாரும் பெரும்பாலும் அப்படித்தான் போனார்கள். ரங்கூன் கடைக்கு மேலாளாகவோ (கடைப் பொறுப்பாளர்) அடுத்தாளாகவோ (அவருக்கு அடுத்த நிலை ஊழியர்) போனால் மூன்று வருஷத் தவணை. தாலி கட்டிய புதிதில் கப்பலேறியவன் திரும்பி வந்து வீட்டு முகப்பில் நிற்கும்போது, இவளுக்கு அவன் அநேகமாக அந்நியன். நீங்கள் ரசிக்கும் 'கல்யாணத்துக்குப் பிறகு காதல்' இங்கே தானாக அமைகிறது.

நடுவில் வரும் கடிதங்களை விடாதீர்கள். மாமனார் பிரித்துச் சத்தமாக வாசிக்கப்போகும் கடிதத்தில், அவளுக்கென்று ஒரு சொல்லை அவன் எங்கே ஒளித்து வைப்பான்? என்னைக் கேட்டால் கதையே அதுதான். நந்தவனக் காட்சியும் வேண்டாம். மாமியாரும் ஓரகத்திகளும் நடமாடும் வளவில், அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றிய இடத்தில், இரண்டு வார்த்தை தனியாகப் பேசுவதே சாகசம். வேறு வைத்த அன்று, அதாவது அவர்களைத் தனிச் சமையலுக்குப் பிரித்துவிட்ட அன்று, அவர்களுக்கென்று எரியும் முதல் அடுப்பு போதாதா?

ஒரு எச்சரிக்கை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மாவிலிருந்து நடந்தே கிளம்பியவர்களில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 'செத்துப்போனதாக நினைத்தவன் திரும்பி வருகிறான்' என்ற திருப்பத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், அதனாலேயே யோசித்துச் செய்யுங்கள். திரும்பி வராதவர்களின் வீடுகளிலும் உங்கள் கதையைப் படிப்பார்கள்.

சோழர் காலத்துக்குத் தாவ ஆசை வந்தால் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்குத் தூணையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். அவை இருக்கும் செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் எழுந்தவை. ராஜராஜன் காலத்துப் பெண் ஆத்தங்குடிக் கல்லில் கோலம் போடுவதைப் படித்துவிட்டு அந்தக் கதையை என்னால் தொடர முடியவில்லை.

எழுதி முடித்ததும் முதலில் ஆடிட்டர் தம்பியிடமே கொடுங்கள். கதை பிடிக்கிறதா என்று கேட்க வேண்டாம். மேலாளின் சம்பளம், வட்டி, தவணைக் கணக்கில் தப்பு இருந்தால் அவர் கண்ணில்தான் முதலில் படும்.