தோஸ்தா, பிக்கப்பா? முதலில் பழைய ஆர்.சி.யை மீட்டுவிடுங்கள்

கேள்வி: வயது 41. திருப்பூரில் நிட்டிங் கம்பெனிகளிலிருந்து சாயப்பட்டறைகளுக்குத் துணி ஏற்றிச் செல்கிறேன். 2017-ல் வாங்கிய தோஸ்த் சரக்கு வண்டியை நானே ஓட்டுகிறேன். மாதம் 2,000 கி.மீ. ஓட்டம். டீசல், பராமரிப்பு, ஏற்றுகூலி போக 39,000 ரூபாய் நிற்கும். வீட்டுக்கு 24,000 ஆகும். வாடகை இரண்டு மாதம் கழித்துத்தான் வருகிறது, எப்போதும் 1.4 லட்சம் வெளியே நிற்கிறது. வண்டியின் மேல் சென்ற ஆண்டு வாங்கிய 3 லட்சம் கடனில் (11 சதவீதம், மூன்று ஆண்டு) இன்னும் 26 தவணை, மாதம் 11,080 வீதம் பாக்கி.

புது வண்டி வாங்க நினைக்கிறேன். தோஸ்த் பிளஸ் ஆன்-ரோடு 9 லட்சம், மைலேஜ் 15 என்கிறார்கள். பொலிரோ பிக்கப் 1.7 டன் 10.7 லட்சம், மைலேஜ் 12. மனைவியின் தம்பி பிக்கப்தான் வேண்டும் என்கிறார். முழுத் தொகையும் 9 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுக் கடனாகக் கிடைக்கிறது. மனைவி சீட்டில் சேர்த்த 2.5 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, மாதாமாதம் எடுத்துத் தவணை கட்டலாம் என்றும், பழைய வண்டியைத் தானே ஓட்டி மாதம் 15,000 தருவதாகவும் மைத்துனர் சொல்கிறார். அவருக்காக இதுவரை மூன்று முறை வண்டியின் மேல் கடன் வாங்கி 5 லட்சம் கொடுத்திருக்கிறேன். 60,000 திரும்பி வந்தது. மனைவியும் சங்கடப்படுகிறாள். எந்த வண்டி வாங்கலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: வண்டிக்கான பதில் எளிது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைக்குத் தோஸ்த் பிளஸ் போதும். பொலிரோ பிக்கப் நல்ல வண்டி, அதில் சந்தேகமில்லை. இரண்டரை லிட்டர் எஞ்சின், 1.7 டன் வரை தாங்கும். கல், சிமென்ட், இரும்பு ஏற்றுபவராகவோ மலைப்பாதையில் காய்கறி இறக்குபவராகவோ இருந்தால் அதையே வாங்கச் சொல்வேன். நீங்கள் ஏற்றுவது துணி. வண்டி நிறைய அடுக்கினாலும் ஒரு டன்னைத் தாண்டுவது அரிது. பெரிய தொட்டியில் இன்னும் ஒரு வரிசை துணி உருளை ஏற்றலாமே என்று மைத்துனர் சொல்லக்கூடும். உங்களுக்கு வாடகை நடைக்குத்தான் கிடைக்கிறதே தவிர, எடைக்கோ உருளைக்கோ அல்ல. அந்தக் கூடுதல் வரிசையின் லாபம் கம்பெனிக்காரருக்குத்தான் போகும்.

டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வையுங்கள். 2,000 கி.மீ.க்குத் தோஸ்த் பிளஸ் 12,400 ரூபாய் குடிக்கும், பிக்கப் 15,500. விலையில் இருக்கும் 1.7 லட்சம் வித்தியாசத்துக்குத் தவணை மட்டும் 4,800. ஆக மாதம் 7,900 ரூபாய், உங்களுக்குத் தேவைப்படாத பலத்துக்காக. மேலும், வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட்டிலிருந்து விலக்கு தருகிறது. தோஸ்த் பிளஸ் அதற்குள் அடங்கும், 1.7 டன் பிக்கப் அடங்காது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2017-ல் வாங்கிய வண்டி இந்நேரம் கடனில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஓடவில்லை. ஒவ்வொரு முறை கடன் குறையும்போதும், ஆர்.சி.யைக் கொண்டுபோய் மறுபடி அடமானம் வைத்து, அந்தப் பணத்தை மைத்துனர் கையில் கொடுத்திருக்கிறீர்கள். திரும்பி வந்தது போக 4.4 லட்சம். புது தோஸ்த் பிளஸ்ஸில் பாதி விலை. இந்தப் பழக்கம் நிற்காத வரை எந்த கம்பெனி வண்டி வாங்கினாலும் மூன்றாவது ஆண்டில் இதே கடிதத்தை எனக்கு எழுதுவீர்கள். புது வண்டி என்றால் அடமானம் வைக்க இன்னும் பெரிய ஆர்.சி., அவ்வளவுதான்.

அந்தக் கடனின் உண்மையான விலை உங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று நினைக்கிறேன். 11 சதவீதம் என்பது ஃபிளாட் வட்டி. நீங்கள் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் மூன்று ஆண்டும் முழு 3 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 20 சதவீதம். அதே முறையில் புது வண்டிக்குச் சொல்லப்படும் 9 சதவீதம் உண்மையில் 16. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய கடன்களுக்கு 'கே.எப்.எஸ்.' என்ற விவரத் தாளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் 'ஏ.பி.ஆர்.' என்ற இடத்தில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் இருக்கும். அந்தத் தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் யோசனை இப்போது கைப்பேசி வீடியோக்களில் நிறைய வருகிறது, எனக்கு வரும் கடிதங்களிலும் வருகிறது. முழுக்கடன் வாங்கு, கைப்பணத்தை முதலீடு செய், லாபமே தவணை கட்டும் என்பார்கள். 16 சதவீதத்துக்கு வாங்கிய பணத்துக்கு ஈடாக ஃபண்ட் ஒவ்வோர் ஆண்டும் வரி போக 16 சதவீதம் தந்தாக வேண்டும், அதுவும் முதல் மாதத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும்போது. சந்தை ஒரு வருடம் சரிந்தால், இறங்கிய விலையில் யூனிட்டுகளை விற்றுத்தான் தவணை கட்டுவீர்கள். பத்தாண்டு தொடாமல் இருக்கக்கூடிய பணத்துக்கு ஃபண்ட் நல்லது. அடுத்த மாதத் தவணைக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் போடச் சொல்பவரிடம் எனக்குப் பொறுமை இல்லை.

மைத்துனர் சொல்லும் திட்டத்தையே முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். பிக்கப்புக்கு முழுக்கடன் என்றால் தவணை 30,300. பழைய தவணை 11,080. இரண்டும் சேர்ந்து 41,400. வீட்டுச் செலவு போக உங்கள் கையில் நிற்பது 15,000. அவர் தருவதாகச் சொல்லும் 15,000 ஒரு மாதமும் தவறாமல் வந்தாலும் 30,000தான். 5 லட்சத்தில் 60,000 திருப்பித் தந்தவரின் வாக்கை வருமானக் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

என் யோசனை இது. பழைய கடனில் இன்றைய அசல் பாக்கி சுமார் 2.33 லட்சம். முன்கூட்டி முடிக்கக் கட்டணம் 12,000 கேட்டாலும் 2.45 லட்சத்தில் முடியும். தவணையாகவே கட்டினால் 2.88 லட்சம் போகும். 20 சதவீதக் கடனை அடைப்பதற்கு ஈடான வருமானத்தை எந்த ஃபண்டும் உறுதியாகத் தராது. ஆகவே சீட்டுப் பணத்தை இதற்குக் கேளுங்கள். 'கேளுங்கள்' என்று நான் எழுதுவதைக் கவனியுங்கள். அது உங்கள் மனைவியின் பணம். உங்கள் மைத்துனரோ நானோ அதற்குத் திட்டம் போட முடியாது. தம்பி இல்லாத நேரத்தில் இருவரும் உட்கார்ந்து, மூன்று கடன்களின் கணக்கையும் தாளில் எழுதி அவருக்குக் காட்டுங்கள். இதுவரை அவர் தம்பிக்கும் உங்களுக்கும் நடுவே நின்று சங்கடப்பட்டிருக்கிறார். மொத்தத் தொகையை யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். அவர் சம்மதித்தால், மாதம் 5,000 ரூபாயை அவர் கணக்கில் போட்டுத் திருப்பத் தொடங்குங்கள். இந்த ஒழுங்கு மைத்துனரும் பார்க்கும்படி இருக்கட்டும்.

கடன் முடிந்தபின் மாதம் 15,000 மிஞ்சும். மனைவிக்கு 5,000 போக 10,000 வண்டிக்கென்று தனிக் கணக்கில். ஒரு வருடம் பழைய வண்டியையே ஓட்டுங்கள். எட்டு ஆண்டு தாண்டியதால் எப்.சி. என்ற தகுதிச் சான்று ஆண்டுதோறும் எடுக்க வேண்டும், அந்தச் செலவு உண்டு. எஞ்சின் பழுதென்று நீங்கள் எங்குமே எழுதவில்லை. அடுத்த ஆண்டு வண்டிக்கு 2.95 லட்சம் கிடைக்கும் என்று குறைத்தே வைக்கிறேன். சேமிப்பு 1.2 லட்சம்.

வெளியே நிற்கும் வாடகையையும் சும்மா விடாதீர்கள். உங்களைப் போன்ற குறுந்தொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் தராத கம்பெனி, உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் அதை வருமானவரியில் செலவாகக் காட்ட முடியும். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதி இது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். பிப்ரவரியில் கணக்காளர்களிடம் நினைவூட்டுங்கள், நிதியாண்டு முடியும் மார்ச் நெருங்கும்போது அவர்களே பணம் தரப் பார்ப்பார்கள். பாக்கி இரண்டு மாதத்திலிருந்து ஒன்றரை மாதமாகக் குறைந்தால் 35,000 கைக்கு வரும்.

எல்லாம் சேர்த்து 4.5 லட்சம் முன்பணம். மீதி 4.5 லட்சத்துக்கு நான்கு ஆண்டுத் தவணை 12,750. கையைக் கடிக்காது, மனைவிக்கும் மாதம் 2,000 தொடரலாம். இந்த மாதத்துக்குள் புக் செய்யச் சொல்லி ஷோரூமில் அவசரப்படுத்தினால், 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது மாதச் சலுகை அல்ல என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

மைத்துனருக்கு உதவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கையில் மிஞ்சியதிலிருந்து, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கொடுங்கள். வண்டியின் மேல் கடன் வாங்கி இனி ஒரு ரூபாயும் வேண்டாம். வண்டியை ஓட்டுவதானால் அவர் மாதச் சம்பளத்துக்கு வேறு இடத்தில் ஓட்டட்டும்.

பழைய கடனை அடைத்தவுடன் பைனான்ஸ் கம்பெனியிடம் ஆட்சேபணை இல்லை என்ற என்.ஓ.சி.யும் இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் எச்.பி. என்ற அடமானப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். பலர் கடனை அடைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள், ஆர்.சி.யில் கம்பெனி பெயர் இருக்கும்வரை அடுத்த ஆண்டு வண்டியை விற்க முடியாது.